மலாயா போன தாத்தாவைத் தேடும் பிள்ளைகளுக்கு

"எங்க தாத்தா நேதாஜி படையில இருந்தாராம்." சித்தூரிலும் திருப்பதியிலும் இந்த ஒரு வரியோடு என்னைத் தேடி வரும் பிள்ளைகள் உண்டு. ஊர்ப் பெயர் பாதி தெரியும், வருஷம் தெரியாது, தாத்தாவுடைய அப்பா பெயரே சில வீடுகளில் தெரியாது. வருவாய்த் துறையில் வேலை பார்த்து, தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு அறையில் பல வருஷங்களைக் கழித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு இந்தத் தேடலில்தான் பொழுது போகிறது.

வெறும் பெருமைப் பேச்சு என்று அந்த வரியைத் தள்ளிவிடாதீர்கள். வட ஆற்காடு, சித்தூர், செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினார்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் அவர்களுக்காக டிப்போக்கள் இருந்தன. 1938-ல் இந்திய சர்க்கார் அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது. அதற்குள் போனவர்கள் யுத்தத்தில் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார்கள். 1943 ஜூலையில் சுபாஷ் போஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கி ஆள் கேட்டபோது, பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்களில் நம் ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். அவர்களைத் தேடப் புறப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவை.

1. ஆபீஸுக்குப் போகும் முன் வீட்டிலிருக்கும் மூத்த பெண்களிடம் போங்கள். அவ்வாவோ, பாட்டியோ, கட்டிக்கொடுத்து வேறு ஊர் போன அத்தையோ, யாராக இருந்தாலும் சரி. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். அவர்கள் வருஷத்தை நம்பர் வைத்து நினைவில் வைத்ததில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸே காலியாகி ஜனம் இங்கே ஓடி வந்ததே, அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். அது 1942 ஏப்ரல். அரிசி கன்ட்ரோல் இருந்தபோது மலாயாவிலிருந்து மணியார்டர் வந்ததா, நின்று போயிருந்ததா என்று கேளுங்கள். சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அதற்குப் பிறகு யுத்தம் முடியும் வரை மணியார்டர் வர வழியில்லை. வந்தது என்று பாட்டி உறுதியாகச் சொன்னால், தாத்தா அப்போது மலாயாவில் இல்லை, வேறு எங்கோ இருந்திருக்கிறார்.

இன்னொன்றையும் கேளுங்கள், மெதுவாகக் கேளுங்கள். தாத்தா திரும்பி வராதவர் என்றால், அவருக்கு எந்த நாளில் திதி கொடுக்கிறீர்கள்? குறிப்பிட்ட மாதம், பட்சம், திதி என்று சொன்னால், இறந்த தேதியோடு யாரோ ஒருவர் சேதி கொண்டுவந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் கூடவே இருந்த பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். அவர் வீட்டையும் தேட வேண்டியதுதான். மகாளய அமாவாசைக்கு மட்டும் எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள் என்றால், தேதி யாருக்கும் தெரியவில்லை. இல்லாவிட்டால், வருவார் என்று காத்திருந்து பார்த்து, ஒரு கட்டத்தில் குடும்பமே கூடி முடிவெடுத்திருக்கிறது. பாட்டி எந்த வருஷம் வரை பூ வைத்துக்கொண்டிருந்தாள் என்பதும் சாட்சிதான். எந்த ஆபீஸிலும் கிடைக்காத சாட்சி. இதைக் கேட்கும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள்.

2. ட்ரங்குப் பெட்டியை இறக்கிப் பாருங்கள். கடிதம், மணியார்டர் கூப்பன், கப்பல் டிக்கெட், தோட்டத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, போட்டோ. போட்டோவின் முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ஈப்போ, கிள்ளான், சிரம்பான், பினாங்கு என்று ஏதாவது ஓர் ஊர் இருக்கும். தாத்தா இருந்த வட்டாரம் அதிலேயே பிடிபட்டுவிடும். கடித உறை கிடைத்தால் தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்.

எதையும் லேமினேஷன் செய்யாதீர்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து, மூலத்தைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

3. தாத்தா எந்த வகை என்று முடிவு செய்யாமல் டில்லிக்கு மனுப் போடாதீர்கள். முக்கால்வாசித் தேடல் இந்த இடத்தில்தான் தடம் புரளும்.

முதல் வகை, ஏற்கெனவே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து, மலாயாவிலோ சிங்கப்பூரிலோ ஜப்பானியரிடம் பிடிபட்டு, அங்கிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு, அதாவது நாம் நேதாஜி படை என்று சொல்லும் ஐ.என்.ஏ.வுக்குப் போனவர். கேப்டன் மோகன் சிங் 1942-ல் அமைத்த முதல் படையிலோ, போஸ் வந்த பிறகு மறுபடி கட்டிய படையிலோ சேர்ந்திருப்பார். இவருக்கு ராணுவ நம்பர் உண்டு. அதனால் ஃபைலும் உண்டு. மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள ரிக்கார்டு ஆபீஸ், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. யுத்தம் முடிந்து பிடிபட்டபோது இவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கறுப்பு என்று எழுதப்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கி, சம்பள பாக்கியையும் பறித்துக்கொண்டார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அவர்களை ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. ஆகவே உங்கள் வீட்டில் "தாத்தா பட்டாளத்துல இருந்தாரு, ஆனா பென்ஷன் வரல" என்ற பேச்சு இருந்தால், அதை ஒரு தடயமாக எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகை, தோட்டத்திலோ துறைமுகத்திலோ கடையிலோ வேலை பார்த்து, 1943-லோ அதற்குப் பிறகோ நேராகச் சேர்ந்தவர். நம் ஜில்லாத் தாத்தாக்களில் அதிகம் இவர்கள்தான். பட்டாளத்துக்கு இவர்கள் புதியவர்கள், ஆகவே இந்தியாவில் எந்த ரெஜிமென்டிலும் இவர்கள் பெயர் கிடையாது. வெலிங்டனுக்கு எழுதிப் போட்டு "அப்படி ஒருவர் இல்லை" என்று பதில் வந்ததும் மனம் உடைந்து தேடலையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே இருக்க வேண்டியதே இல்லை, தம்பி. இவரைத் தேட வேண்டிய இடம் மலாயாவும் சிங்கப்பூரும்.

மூன்றாம் வகை, துப்பாக்கியே தொடாதவர். அடுத்ததில் சொல்கிறேன்.

4. கொடுத்தவர்களும் அந்த யுத்தத்தில் நின்றவர்கள்தான். இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் பிள்ளைகள் ஏற்க மாட்டேன் என்கிறார்கள். சீருடை போட்ட போட்டோ ஒன்று கிடைத்தால்தான் அவர்களுக்குத் திருப்தி.

அந்தப் படைக்குச் சோறும் துணியும் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். 1943 அக்டோபர் 21-ம் தேதி சிங்கப்பூர் கத்தே கட்டடத்தில் ஆசாத் ஹிந்த் தற்காலிக சர்க்கார் அறிவிக்கப்பட்டது. அதற்கென்று ஒரு வரி வருமானமோ கஜானாவோ முன்னால் இருந்ததில்லை. மலாயாவிலும் பர்மாவிலும் இருந்த இந்தியர்கள் கொடுத்ததுதான் கஜானா. 1944-ல் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் பாங்க் தொடங்கினார்கள். ரங்கூன் வியாபாரி அப்துல் ஹபீப் யூசுப் மார்பானி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் தன் சொத்தை அப்படியே கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. தோட்டத்து லயத்தில் இருந்த பெண்கள் காதிலிருந்த தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றிக் கொடுத்தார்களே, அவர்கள் பெயர் எங்கே? அங்கிருந்த இந்தியர்களின் அமைப்பான இந்திய சுதந்திர லீக்கின் கிளைகளில் கணக்கு எழுதியவர், கூட்டத்துக்குப் பாய் விரித்தவர், படைக்குச் சமைத்தவர், காய்கறி பயிரிட்டவர், பால சேனையில் பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தவர், இவர்கள் எல்லோரும்தான் அந்தப் படையைத் தாங்கினார்கள்.

கொடுத்தவர்களையும் கணக்கில் சேர்ப்பதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் 1890-லேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1775-ல் ஆரம்பித்த அவர்களுடைய புரட்சி யுத்தத்தில் பங்கெடுத்தவர்களின் வழிவந்த பெண்கள் சேர்ந்த சங்கம். அதில் சேர, மூதாதை போர்வீரராக இருந்தாக வேண்டும் என்று விதியில்லை. படைக்குத் தானியம் கொடுத்தவர், மாடு கொடுத்தவர், விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்துப் போட்டவர் ஆகியோரின் பேத்திகளையும் சமமாகவே ஏற்கிறார்கள். ஆனால் அந்த மூதாதையிலிருந்து தன் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் தாள் காட்டியாக வேண்டும். இரண்டிலும் அவர்கள் செய்வது சரி என்பது என் எண்ணம். யார் பங்கெடுத்தார் என்பதில் மனசு விரிந்திருக்க வேண்டும். நிரூபணத்தில் கை இறுக்கமாக இருக்க வேண்டும்.

உங்கள் பாட்டியின் ஒற்றைத் தோடு பற்றி வீட்டில் கதை இருந்தால், அதைத் தாத்தாவின் கதைக்கு ஒரு வால் மாதிரி எழுதாதீர்கள். தனிப் பக்கம் போட்டு அவள் பெயரில் எழுதுங்கள். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பெரும் பங்கு மலாயாத் தமிழ்ப் பெண்கள், அதிலும் தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர். கேப்டன் லட்சுமியையும் கோலாலம்பூர் ஜானகியையும் நாடு அறியும். உங்கள் வீட்டுப் பெண்ணை நீங்கள்தான் அறிய வேண்டும்.

5. உங்கள் ஊர் அன்றைக்கு எந்த ஜில்லாவில் இருந்தது என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்தில் இது தெரியாவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

1911 ஏப்ரல் 1-க்கு முன் சித்தூர் ஜில்லா என்று ஒன்று இல்லை. வட ஆற்காடுதான். அதன் தலைநகரமே அப்போது சித்தூர். பிரித்த பிறகு வட ஆற்காட்டின் தலைநகரம் வேலூருக்குப் போயிற்று. சித்தூர், பலமனேர், திருப்பதி அடங்கிய சந்திரகிரி ஆகிய தாலுகாக்கள் வட ஆற்காட்டிலிருந்து வந்தவை. மதனப்பள்ளியும் வாயல்பாடும் கடப்பையிலிருந்து வந்தவை. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா தனி மாநிலம் ஆனபோது சித்தூர் ஜில்லா அதனோடு போயிற்று. பிறகு எல்லைத் தகராறில் பட்டாஸ்கர் தந்த தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி மதராஸ் மாநிலத்துக்குத் திரும்பியது, சத்யவேடு பக்கத்து ஊர்கள் செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து இங்கே வந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி ஜில்லா ஆயிற்று.

இதனால் என்ன ஆகும்? தாத்தா திருத்தணிக்காரர் என்றால், 1943-ல் அவர் சித்தூர் ஜில்லாக்காரர். கப்பல் கம்பெனியிடமோ விசாரணை அதிகாரியிடமோ சொந்த ஜில்லா சித்தூர் என்றுதான் சொல்லியிருப்பார். இன்றைக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் அவர் பேரன் திருவள்ளூர் என்று தேடினால் கிடைக்காது. தாத்தா சத்யவேடுக்காரர் என்றால் எதிர்ப்புறம். அவர் செங்கல்பட்டு என்று சொல்லியிருப்பார், பேத்தி திருப்பதி ஜில்லாப் பட்டியலில் அவரைத் தேடிக்கொண்டிருப்பாள். ஒரு தாளில் உங்கள் ஊர்ப் பெயரை எழுதி, 1900, 1920, 1943, 1955, 1960, 2022 என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே தாலுகாவும் ஜில்லாவும் எழுதுங்கள். அந்தத் தாளை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

6. பெயரைப் பல விதமாக எழுதித் தேடுங்கள். இங்கே தெலுங்கு வீடுகளில் வீட்டுப் பெயர் முன்னால் வரும், தமிழ் வீடுகளில் அப்பாவின் முதலெழுத்து வரும், பட்டாவில் ஜாதிப் பட்டம் பின்னால் ஒட்டும். மலாயா தாளில் இவை எதுவும் இருக்காது. 'எஸ்/ஓ' போட்டு அப்பா பெயர் மட்டும் இருக்கும். அதே மனுஷர் அங்கே முனுசாமி, மூனிசாமி, முனியசாமி என்று எழுதுகிறவர் காதுக்கேற்ப மாறியிருப்பார். பிற்காலத்து மலேசியத் தாள்களில் ஆணுக்கு 'ஏ/எல்', பெண்ணுக்கு 'ஏ/பி' என்று இருக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. திருமலை அடிவாரம் இது. ஏழுமலை, கோவிந்தசாமி, வெங்கடேசலு, செங்கல்வராயன் இல்லாத தெரு கிடையாது. ஆகவே பெயர் ஒத்துப்போவதை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். அப்பா பெயர், ஊர், மனைவி பெயர், கூடப் பிறந்தவர், இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும்.

7. ஊரில் நிலம் இருந்த வீடு என்றால் செட்டில்மென்ட் ரிஜிஸ்டரைப் பாருங்கள். ஆபீஸில் 'டைகிளாட்' அல்லது ஆர்.எஸ்.ஆர். என்று கேட்டால் உடனே புரியும். பெரிய அகலமான புத்தகம், பக்கத்தைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். இடது ஓரத்தில் சர்வே நம்பர், உட்பிரிவு, அடுத்து புஞ்சையா நஞ்சையா, பாசனம் எந்த ஏரி, மண் வகை, தரம், ஏக்கர் ஒன்றுக்கு எவ்வளவு தீர்வை, விஸ்தீரணம், மொத்தத் தீர்வை. அதையும் தாண்டினால் பட்டா நம்பரும் பட்டாதார் பெயரும் வரும். எல்லோரும் அங்கே நின்றுவிடுகிறார்கள். கடைசியில் குறிப்புக்கு என்று ஒரு பத்தி இருக்கும், பார்வையை அதுவரை கொண்டுபோங்கள். கூட்டுப் பட்டா என்றால் அண்ணன் தம்பிகள் பெயர் வரிசையாக இருக்கும். மலாயா போனவர் பெயர் ஒரு காலகட்டத்துப் பட்டாவில் இருந்து, அடுத்த மாறுதலில் காணாமல் போய், அந்த இடத்தில் தம்பி பெயர் மட்டும் நின்றால், ஆள் எப்போது ஊரில் இல்லாமல் போனார் என்பது கையில் வந்துவிட்டது. பங்கை விற்றுவிட்டுப் போனாரா என்று பார்க்க, சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

ஜமீன் ஊராக இருந்தால் கதை வேறு. கார்வேட்டிநகரம், காளஹஸ்தி, புங்கனூர், கங்குந்தி ஜமீன்களில் இருந்த ஊர்களுக்கு ரயத்துவாரி செட்டில்மென்ட் அந்தக் காலத்தில் நடக்கவில்லை. 1948-ம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் சர்க்கார் சர்வே வந்தது. அந்த ஊர்க்காரர்கள் 1943-க்கு முந்தைய டைகிளாட் கேட்டு நடையாய் நடக்க வேண்டாம், இல்லாததை யாரும் எடுத்துத் தர முடியாது. ஜமீன் காலத்து ரசீதுகள் வீட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

1984-ல் ஆந்திராவில் கர்ணம், முன்சீப் பதவிகளை எடுத்துவிட்டார்கள். பழைய கிராமக் கணக்கில் ஒரு பகுதி ஆபீஸுக்கு வந்தது, ஒரு பகுதி கர்ணம் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டது. அந்த வீட்டுக்குப் போகும்போது மரியாதையாகப் போங்கள். ஒரு கிலோ பழம் வாங்கிக்கொண்டு போங்கள். கேட்பதைக் கடைசியில் கேளுங்கள்.

8. நிலமே இல்லாத வீடு என்றால் மனம் தளர வேண்டாம். கப்பலேறியவர்களில் பெரும்பான்மையோர் நிலமில்லாத கூலிகள், அதிலும் சேரியிலிருந்து போனவர்கள் ஏராளம். நிலம் மறுக்கப்பட்டவர்களுக்குப் பட்டாப் புத்தகத்தில் இடமில்லை என்பது அநியாயம்தான். அந்த அநியாயம் இன்றைக்கும் அவர்கள் பேரப்பிள்ளைகளின் தேடலைத் தடுக்கிறது.

ஆனால் வேறு புத்தகங்கள் இருக்கின்றன. 1853-ல் ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனுக்குச் சித்தூர், பலமனேர், மதனப்பள்ளியில் சபைகள் இருந்தன. திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுபேட்டை பக்கம் ஜெர்மனியிலிருந்து வந்த ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் வேலை செய்தது. அவர்களுடைய ஞானஸ்நான ரிஜிஸ்டர்களில் அப்பா, அம்மா, ஊர் எல்லாம் எழுதியிருப்பார்கள். குடும்பம் இன்றைக்கு வேறு மதத்தில் இருந்தாலும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள், அக்கா தங்கை வழியில் யாராவது அதில் இருப்பார்கள். பழைய போர்டு ஸ்கூல்களின் சேர்க்கை ரிஜிஸ்டர் இன்னொரு இடம். மகனைப் பள்ளியில் சேர்த்தபோது 'அப்பா மலாயாவில்' என்று வாத்தியார் எழுதி வைத்திருந்தால், உங்களுக்கு அதுவே தாமிரப் பட்டயம்.

9. இனி பெரிய காப்பகங்கள்.

டில்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகம் 1997-ல் ஐ.என்.ஏ. சம்பந்தப்பட்ட 990 ஃபைல்களை ஒப்படைத்தது. நிறைய ஃபைல்களின் தலைப்பை 'அபிலேக் படல்' என்ற தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். தனி ஆள் பெயர் போட்டுத் தேடினால் கிடைப்பது அபூர்வம். பட்டியல், நாமினல் ரோல், கைதிகள் முகாம், ரிலீப் என்று பொருள் போட்டுத் தேடி, பிறகு உள்ளே பெயரைத் தேட வேண்டும்.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் நமக்கு மிக முக்கியம். 1953 வரை நாம் மதராஸோடு இருந்தவர்கள். அன்றைய அரசாணைகளும், ஜில்லா நிலவரம் பற்றிச் சர்க்கார் வாங்கிய அறிக்கைகளும் அங்கேதான். சித்தூர் இன்றைக்கு ஆந்திரா என்பதால் அங்கே இருக்காது என்று நினைத்துப் பலர் எழும்பூர் பக்கமே போவதில்லை. முதலில் அங்கே போங்கள்.

சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் போட்டிருக்கிறது. ஜப்பானியர் காலத்து 'ஷோனன் ஷிம்புன்' இதழ்களில் இந்திய சுதந்திர லீக் கூட்டங்கள், நிதி கொடுத்தவர்கள் பற்றிய சேதிகள் உண்டு. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வைத்திருக்கிறது, தமிழிலும் உண்டு. உங்கள் தாத்தா இருந்த வட்டாரத்துக்காரர் யாராவது பேசியிருந்தால், உட்கார்ந்து முழுக்கக் கேளுங்கள். தாத்தா பெயர் வராமல் போகலாம். அவர் எழுந்தது, நின்றது, தின்றது எல்லாம் அதில் வரும்.

லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் விசாரணை அறிக்கைகள் இருக்கின்றன. அது கடைசிப் படி.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். அது பிரிட்டிஷ் தரப்பில் நின்று இறந்தவர்களுக்கானது. சில பெயர்களுக்கு நேரே இன்னாரின் மகன், சித்தூர் ஜில்லா இன்ன ஊர் என்றே இருக்கும். தாத்தா பெயர் அதில் அப்படியே கிடைத்தால் நேதாஜி படைக் கதையை மறுபடி யோசிக்க வேண்டும். அப்படிக் கிடைத்தாலும் மறைக்காதீர்கள், வருத்தப்படவும் வேண்டாம்.

10. பென்ஷன் ஃபைல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சுதந்திரத்தின் வெள்ளி விழாவான 1972-ல் மத்திய சர்க்கார் தியாகிகளுக்கு மாதம் 200 ரூபாய் பென்ஷன் கொண்டுவந்தது. 1980-ல் அதற்கு ஸ்வதந்திரதா சைனிக் சம்மான் என்று பெயர் மாறியது. ஐ.என்.ஏ.காரர்களும் அதில் மனுப் போட்டார்கள். மனுவில் சேர்ந்த இடம், பிரிவு, எந்த முகாமில் கைதி, எப்போது விடுதலை என்று தாத்தாவே சொல்லியிருப்பார், கூட இருந்த கைதியின் சான்றும் இருக்கும். மனு தள்ளுபடி ஆகியிருந்தாலும் ஃபைல் ஃபைல்தான். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் உள்துறை அமைச்சகத்துக்கும், கலெக்டர் ஆபீஸுக்கும் தனித்தனியாக மனுப் போடுங்கள். ஒரு மனுவில் பத்துக் கேள்வி கேட்காதீர்கள். ஃபைல் இருக்கிறதா, நம்பர் என்ன, நகல் வேண்டும், அவ்வளவுதான்.

11. உங்களிலிருந்து மேலே ஏறுங்கள். நேதாஜி படத்திலிருந்து கீழே இறங்காதீர்கள். நீங்கள், அப்பா, தாத்தா: இந்த இரண்டு இணைப்புக்கும் தாள் வேண்டும்.

12. ஆசாத் ஹிந்த் நோட்டு, பேட்ஜ், மெடல் என்று விற்க வருபவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். போலி நிறைய நடமாடுகிறது. உங்கள் பெட்டியில் இருந்தது ஒன்றுதான் உங்களுக்குச் சாட்சி, விலைக்கு வாங்கியது எதற்கும் சாட்சி ஆகாது.

13. தாத்தா படையில் சேரவில்லை, சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டார் என்று தெரியவரலாம். இதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 1942-43-ல் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்க் கூலிகள் காலராவிலும் பசியிலும் ஆயிரமாயிரமாக மாண்டார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியலே சரியாக வைக்கவில்லை. திரும்பி வந்தவர்கள் ஊரில் அதை விவரிக்க முடியாமல், "யுத்தத்துல இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்கள். அதைப் பிள்ளைகள் நேதாஜி படை என்று புரிந்துகொண்டார்கள். இரண்டையும் பார்த்தவர்களும் உண்டு. சயாமுக்குப் போகாமல் தப்பவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. சேர்ந்த காரணம் எதுவாக இருந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள். உயிர் பிழைக்கச் சேர்ந்தவர் படையோடு இம்பால் போர்முனைக்குப் போனபோது வேறு மனுஷராக ஆகியிருக்கலாம்.

14. அங்கே இன்னொரு குடும்பம் இருக்கலாம். பினாங்கிலோ பேராக்கிலோ உங்கள் தாத்தா பெயரையே அப்பா பெயராக எழுதும் ஒருவர் உயிரோடு இருக்கலாம். இந்தச் சேதி பாட்டியின் காதுக்குப் போக வேண்டுமா என்பதை வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. ஆனால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கடிதம் எழுதினால் பதில் போடுங்கள். சொத்துக் கேட்க வருகிறார்கள் என்று சந்தேகப்படாதீர்கள். நீங்கள் எதைத் தேடுகிறீர்களோ அதைத்தான் அவர்களும் தேடுகிறார்கள், பெரும்பாலும் உங்களிடம் இல்லாத போட்டோ அவர்களிடம் இருக்கும்.

15. சிலர் இன்னும் பழைய கேள்வியோடு வருகிறார்கள்: "நாங்க பாளையக்காரர் வம்சம், கம்பெனியை எதிர்த்தவங்க." 1801-ல் ஆற்காடு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன பிறகு, சித்தூர்ப் பாளையக்காரர்கள் 1804-05-ல் எதிர்த்து நின்றது உண்மை. பங்காரி, நரகண்டி, கல்லூர், மொகரால, பாகால, புலிச்செர்லா என்று அந்தப் பாளையங்களின் பெயர்கள் நம் ஊர்ப் பெயர்களாகவே இருக்கின்றன. 1881-ல் காக்ஸ் எழுதிய வட ஆற்காடு மேனுவலில் தொடங்குங்கள். அது கம்பெனிப் பக்கத்திலிருந்து எழுதியது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். அதன் பிறகு இனாம் கமிஷன் ரிஜிஸ்டர்கள். 1943-ஐத் தேடியே பழக்கப்படாதவர்கள் 1804-ல் இறங்க வேண்டாம்.

16. கிடைத்ததை எழுதி வையுங்கள். தமிழிலும் தெலுங்கிலும் எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இப்போது தமிழ் படிக்க வராது, சித்தூரில் அதுதான் நிலைமை. எது தாளில் பார்த்தது, எது பாட்டி சொன்னது, எது உங்கள் ஊகம் என்று மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஒரு பிரதி ஊர்ப் பள்ளிக்கு, ஒன்று திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழக நூலகத்துக்கு, ஒன்று மலாயாச் சொந்தத்துக்கு.

17. என்னைப் பார்க்க வருவதானால் காலை வேளையில் வாருங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும்போதுதான் பழைய மை படிக்க வரும். ஊர்ப் பெயர் எழுதிய அந்தத் தாள், பாட்டி பேசிய பதிவு, போட்டோவின் பின்பக்கம், இவை மூன்றும் கையில் இருக்கட்டும். பாட்டியால் நடக்க முடியுமென்றால் அவரையும் கூட்டிவாருங்கள். முடியாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், நானே வருகிறேன்.